புயல் காலத்துக்கு எந்த வானொலி, எந்தத் தண்ணீர் வடிகட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு முன் ஆண்டுதோறும் வெளியாகும் முன்னெச்சரிக்கைப் பட்டியல்களில் ‘பேட்டரியில் இயங்கும் வானொலி’, ‘பாதுகாப்பான குடிநீர்’ என்ற இரண்டு வரிகள் தவறாமல் இருக்கின்றன. எந்த வானொலி, எப்படிப் பாதுகாப்பாக்கிய குடிநீர் என்பதை யாரும் விளக்குவதில்லை. நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கத்து மக்கள் இணையக் கடையில் ‘உயிர்காப்புப் பெட்டி’ என்று விற்பதை நம்பி வாங்கிவிடுகிறார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் மலையேறுகிறவர்களுக்காகவும் காட்டில் கூடாரம் அடிக்கிறவர்களுக்காகவும் செய்தவை. அங்கே வெயில் அடிக்கும், ஓடைத் தண்ணீர் தெளிந்திருக்கும், உப்புக் கரிக்காது. நம் கடைமடையில் கார்த்திகை மாதத்தில் ஒரு வாரம்கூட வெயில் முகம் காட்டாமல் போகும். வாசலில் நிற்கும் தண்ணீரில் வண்டல், உப்பு, சாக்கடை, வயலுக்கு அடித்த மருந்து எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த ஊருக்குச் செய்தது இந்த ஊருக்கு உதவாது. எது உதவும் என்பதை விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் வானொலி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. கைபேசிக் கோபுரத்தின் அடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதன்பிறகு ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும். சாலை முழுக்கத் தென்னை விழுந்து கிடந்தால் டீசல் எப்படி வரும்? கைபேசியில் வரும் எச்சரிக்கை புயலுக்கு முன்னால் மிகவும் பயன்படும். புயல் அடித்த மறுநாள் அதை நம்பி உட்கார முடியாது.

கடையில் ‘ரேடியோ’ என்று கேட்டால் இப்போது எடுத்து நீட்டுவது பெரும்பாலும் புளூடூத் ஸ்பீக்கர்தான். அதில் பண்பலை (எஃப்.எம்.) மட்டும் இருக்கும், மத்திய அலை (ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று போட்டிருப்பது) இருக்காது. பண்பலை நேர்கோட்டில் போவது. கோபுரத்தின் உயரத்தையும் சக்தியையும் பொறுத்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இரையத் தொடங்கிவிடும். காரைக்கால் வானொலியின் 100.3 மெகாஹெர்ட்ஸ் நாகைக்கும் திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் கிட்டத்தில் இருக்கிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி என்று தெற்கே போகப் போகத் தெளிவு குறையும். மேலும், புயல் கரை கடக்கும் அதே கடலோரத்தில் நிற்கும் ஒரே கோபுரத்தை மட்டும் நம்பலாகாது.

மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து வருவது. ஈரமும் உப்பும் உள்ள மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலை வழியில் அதிகம் தேய்வதில்லை. மேடு பள்ளம் இல்லாத டெல்டாவும் அதைத் தாண்டி உள்ள கடலும் அதற்கு மிகவும் ஏற்ற நிலம். 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸில் வருகிறது; சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. எனவே பெட்டியின் முகப்பில் பண்பலை, மத்திய அலை இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கரையோர ஊர்களுக்கு மத்திய அலைதான் முக்கியம்.

முள் நகரும் பழைய மாதிரிப் பெட்டியில் ஒரு குழப்பம் வருவதுண்டு. மத்திய அலை வரிசையில் 54, 60, 70 என்று பத்தால் வகுத்து எண் போட்டிருப்பார்கள். 936 என்பது 90-க்கும் 100-க்கும் நடுவே, 90-க்குச் சற்று அப்பால் இருக்கும். அதைப் பண்பலையின் 93.6 என்று எண்ணித் தேடிவிட்டு, ‘நிலையமே இல்லை’ என்று பெட்டியை மூடி வைக்கிறவர்கள் உண்டு. நிலையம் கேட்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்துவிட்டால் இருட்டிலும் கை போய்விடும்.

எண் காட்டும் டிஜிட்டல் பெட்டி என்றால் வேறொன்றைச் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் அது 10. அங்கத்திய அமைப்போடு வரும் பெட்டி 930-இலிருந்து 940-க்குத் தாவிவிடும். 936 பிடிபடாது, பிடித்தாலும் குரல் உடைந்து வரும். பட்டனை அழுத்தும்போது 531, 540, 549 என்று ஏறினால் நமக்கு ஏற்ற அமைப்பு. 530, 540, 550 என்று ஏறினால் 9-க்கு மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். இறக்குமதிப் பெட்டிகளில் ‘வானிலை அலைவரிசை’ என்று பெரிதாகப் போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த வரிசையில் அமெரிக்க வானிலை நிலையங்கள் பேசும். நாகப்பட்டினத்தில் அதைத் திருப்பினால் இரைச்சல் மட்டுமே கேட்கும்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்தில் இலங்கைத் தமிழ்ப் பண்பலைகள் நன்றாகவே எடுக்கும். தமிழ்க் குரல் கேட்டதும் நம் ஊர் அறிவிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலையத்தின் பெயரைச் சொல்லும் வரை காத்திருந்து கேளுங்கள். ‘வடக்குக் கடலோரம்’ என்று அவர்கள் சொல்வது வேறு, நம்மவர்கள் சொல்வது வேறு.

இழுத்து நீட்டும் ஏரியல் கம்பி பண்பலைக்கு மட்டும்தான். மத்திய அலைக்குப் பெட்டிக்குள்ளே செப்புக் கம்பி சுற்றிய கரும்பென்சில் போன்ற ஒரு தண்டு இருக்கிறது. ஏரியலை எவ்வளவு நீட்டினாலும் 936-இன் ஒலி கூடாது. பெட்டியை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிலையில் ஒலி திடீரென்று தூக்கும். அதுதான் தண்டின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்கும் நிலை. கான்கிரீட் அறையின் நடுவிலும் தகரக் கூரைக்குக் கீழும் சத்தம் மங்கும். ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் பத்துப் பதினைந்து மீட்டர் உறையிட்ட ஒயரை எடுத்து, ஒரு நுனியை வெளியே மரக்கொம்பில் உயரமாகக் கட்டி, மறுநுனியைத் தண்டு இருக்கும் பக்கமாகப் பெட்டியைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். பெட்டியைத் திறக்கவோ எதிலும் இணைக்கவோ வேண்டாம். இடி மின்னல் நெருங்குமுன்பே அந்த ஒயரைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். மலிவான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் மத்திய அலையில் இரையும் என்பதால், ஊரே இருட்டில் இருக்கும்போது இந்த அலை வழக்கத்தைவிடத் தெளிவாகவே எடுக்கும். இரவில் மட்டும் தொலைதூர நிலையங்கள் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து கலக்கும். முக்கியமான செய்தியைப் பகலிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி எதில் ஓடுகிறது என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சாதாரண இரண்டலைப் பெட்டி அளவான சத்தத்தில் சுமார் 40 மில்லிஆம்பியர் இழுக்கும். மலிவான பென்சில் பேட்டரிக் கட்டை அந்த இழுப்புக்குப் பதினைந்து மணி நேரம் போலத் தாங்கும். அதே அளவு அல்கலைன் கட்டை ஐம்பது மணி நேரம் வரை போகும். டார்ச்சுக்குப் போடும் பெரிய கட்டை மலிவு ரகமே நூறு மணி நேரத்தைத் தாண்டும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் கேட்டால் நாளுக்கு 4 மணி நேரம். பெரிய கட்டை மூன்று வாரத்துக்கு மேல் வரும். பெட்டி கனமாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். டெல்டா வீட்டுக்குப் பெரிய கட்டை போடும் பெட்டியே சரி என்பது எங்கள் முடிவு. பெட்டிக்கடையில் கிடைக்கும், நனைந்தாலும் துடைத்துப் போடலாம், பக்கத்து வீட்டு டார்ச்சிலிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். உள்ளேயே பூட்டி வைத்த லித்தியம் பேட்டரிப் பெட்டி சார்ஜ் தீர்ந்தால் வெறும் பெட்டிதான். லித்தியம் பெட்டிதான் வாங்குவது என்றால், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதா என்றாவது பாருங்கள்.

கைச்சுழற்சியும் சூரியத் தகடும் சேர்ந்து வரும் பெட்டிகளுக்கு இப்போது நல்ல விற்பனை. தீப்பெட்டி அளவுத் தகடு உச்சி வெயிலிலேயே அரை வாட்டைத் தொடாது. மேகமூட்டத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். புயல் மாதத்தில் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். கைப்பிடி கொஞ்சம் உதவும்: ஒரு நிமிடம் விடாமல் சுற்றினால் சில நிமிடம் பாடும். ஆனால் அந்த மின்சாரம் தங்குவது உள்ளே இருக்கும் சிறு பேட்டரியில். ஆண்டு முழுக்கப் பரணில் கிடந்தால் அது செத்துவிடும். பிறகு சுற்றும்வரை பேசி, கையை எடுத்ததும் அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க சார்ஜ் ஏற்ற வேண்டும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம்; அவசரத்தில் வேகமாகச் சுற்றினால் பல் போய்விடும். ‘கைபேசிக்கும் சார்ஜ் ஏற்றலாம்’ என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 15 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும். கை சுற்றித் தருவது 2 வாட் என்று தாராளமாகவே வைத்தாலும் ஏழெட்டு மணி நேரம் ஓயாமல் சுற்ற வேண்டும். கட்டை போட இடம், கைப்பிடி இரண்டும் உள்ள பெட்டி என்றால் சரி. கைப்பிடி மட்டும் என்றால் வேண்டாம்.

மழைக்காலம் முடிந்ததும் கட்டையைக் கழற்றித் தனிப்பையில் போடுங்கள். பெட்டிக்குள்ளேயே விட்ட கட்டை ஒழுகி ஸ்பிரிங்கை அரிப்பதுதான் பழுதுக்கு வரும் பெட்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணும் கோளாறு. அல்கலைன் கட்டை ஒழுகியதில் வரும் வெள்ளைப் பொடி காரத்தன்மை உள்ளது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். மலிவு ரகக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் துடைக்க வேண்டும். பிறகு ஈரத்துணி, உலர்ந்த துணி, கடைசியில் லேசாக உப்புத்தாள். சத்தம் கூட்டும் திருகு கரகரத்தால் பெட்டியை அணைத்துவிட்டு அந்தத் திருகை இருபது முறை முழுக்கத் திருப்புங்கள். தூசியும் உப்புப்பூப்பும் விலகும். கடல் தண்ணீரில் விழுந்தால் உடனே கட்டையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயும் வரை போடாமல் இருக்க வேண்டும். உப்போடு காயவிட்டால் சில நாளில் உள்ளே பச்சை பிடிக்கும். இதற்கெல்லாம் இடம் கொடாமல், கனமான பாலித்தீன் பையில் இட்டு வாயை மடக்கி ரப்பர் போட்டுவிட்டால் பைக்குள் இருந்தபடியே பாடும்.

வீட்டுக்கு வெளியே நாளைக் கழிக்கிறவர்களுக்கு இதெல்லாம் இன்னும் முக்கியம். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர், அறுவடைக்குப் பின் வாத்து மேய்க்கிறவர்கள், வயலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள், முத்துப்பேட்டை அலையாத்திக்குள் படகு தள்ளுகிறவர்கள், கொள்ளிடத்தின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற இடங்களில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. கொள்ளிடக் கரையில் வெள்ளம் வருவதற்கு உள்ளூரில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் முக்கொம்பில் பிரிந்து, அணைக்கரை தாண்டி, நல்ல வெயிலிலேயே ஆடி ஆவணியில் திட்டைச் சூழ்ந்துவிடும். அந்த அறிவிப்பைக் கேட்கச் சட்டைப் பையில் அடங்கும் சிறிய இரண்டலைப் பெட்டியும் நான்கு அல்கலைன் கட்டையும் போதும். கடலுக்குள் போகிறவர்களுக்கு இது கேட்க மட்டும் உதவும். பேச வேண்டிய வி.எச்.எஃப். கருவிக்கு மாற்றாகாது. அதில் ஆபத்து அழைப்புக்கு உரியது 16-ஆம் தடம், 156.8 மெகாஹெர்ட்ஸ்.

இனித் தண்ணீர். இதில் தவறினால் வாந்திபேதி, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை என்று விலை அதிகம் என்பதால் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

எந்த வடிகட்டியும் எல்லாவற்றையும் எடுக்காது. உறிஞ்சுகுழல், பாட்டில், பை என்று பல உருவில் விற்கும் மலையேற்ற வடிகட்டிகளுக்குள் சேமியா போன்ற நுண்குழல் கட்டு இருக்கிறது. அதன் துளை சுமார் 0.1 மைக்ரான். காலரா, டைஃபாய்டுக் கிருமிகள் அதைவிடப் பெரியவை, பேதியைத் தரும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகியவற்றின் கூடுகள் இன்னும் பெரியவை, எல்லாம் தங்கிவிடும். ஆனால் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் 0.03 மைக்ரான் அளவுதான். அவை நுழைந்து போய்விடும். அட்டையில் பாக்டீரியா 99.9999 சதவீதம், ஒட்டுண்ணி 99.9 சதவீதம் என்று இரண்டு வரி மட்டும் இருந்து, வைரஸ் 99.99 சதவீதம் என்ற மூன்றாவது வரி இல்லையென்றால் அது வைரஸை எடுக்காத வடிகட்டி. மலை ஓடைக்கு அது போதும். கழிப்பறைக் குழி நிரம்பி வழிந்த தெருவுக்குப் போதாது.

உப்பு இன்னொன்று. கடல் தண்ணீரையே குடிநீராக்கும் உறிஞ்சுகுழல் என்று விளம்பரம் வந்தால் நம்பவே நம்பாதீர்கள். கடல் நீரிலிருந்து சவ்வு வழியாக உப்பைப் பிரிக்க, உப்பு நீர் நல்ல தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும் சவ்வூடு அழுத்தத்தை வெல்ல வேண்டும். அது சுமார் 27 மடங்கு காற்றழுத்தம். மனிதன் வாயால் உறிஞ்சி ஒரு காற்றழுத்தத்தைக்கூட முழுதாக உண்டாக்க முடியாது. வீட்டு வடிகட்டிகளில் உப்பை எடுப்பது ஆர்.ஓ. ஒன்றுதான், அதற்கு மின்சாரம் வேண்டும், கலங்கல் தண்ணீர் விட்டால் முன்வடிகட்டி அன்றே அடைத்துக்கொள்ளும். கொதிக்கவைத்தால் உப்புக் கூடுமே தவிரக் குறையாது. கரித்தூள் வடிகட்டி நாற்றத்தையும் பூச்சிமருந்தின் ஒரு பகுதியையும் எடுக்கும்; உப்பை எடுக்காது. ஆகவே கரையோரத்தில் வடிகட்டியைத் தேர்வதற்கு முன் தண்ணீரைத் தேர வேண்டும்.

புயலில் நமக்கு வரும் நல்ல தண்ணீர் மழைதான். பத்தடிக்குப் பத்தடி சுத்தமான தார்ப்பாயை நான்கு மூலையில் கட்டி, ஒரு பக்கம் தாழ்த்தி அண்டாவில் விழவிட்டால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 90 லிட்டர் சேரும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அந்த மழைக்கு இதே தார்ப்பாயில் 4,000 லிட்டர் விழுந்திருக்கும்; ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் நின்றபோது குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்திருக்க வேண்டியதில்லை. முதல் கால்மணி நேரத்து மழையைக் கீழே விட்டுவிட வேண்டும். பலத்த காற்றில் தார்ப்பாய் நிற்காது. காற்று தணிந்த பின் பெய்யும் மழைக்குத்தான் இந்த ஏற்பாடு. ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 15 லிட்டர். மழைத் தண்ணீரில் உப்பும் பூச்சிமருந்தும் கிட்டத்தட்ட இல்லை, கலங்கலும் குறைவு. பீங்கான் குழல் உள்ள கேண்டில் ஃபில்டரில் ஊற்றி, குளோரின் மாத்திரை போட்டால் போதும்.

அதற்கு அடுத்தது புயலுக்கு முந்தைய நாள் குடம், தவலை, டிரம் என்று நிரப்பி வைத்தது. பிறகு லாரித் தண்ணீர், பிறகு வெள்ளத்தில் முழுகாத கைப்பம்பு, அதன்பிறகே குளமும் வாய்க்காலும். வேதாரண்யம் மணல்மேடுகளில் கையால் தோண்டிய ஊற்றில் மேலாக முகந்தால் நல்ல தண்ணீர் வரும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் போட்டு இழுத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். எண்ணெய்ப் படலம் மிதக்கும் தண்ணீர், உரக்கடை அல்லது இறால் குட்டை உடைந்து கலந்த தண்ணீர், அண்மையில் மருந்தடித்த வயலிலிருந்து வடியும் தண்ணீர் மூன்றையும் எந்த வடிகட்டியாலும் சரிசெய்ய முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். பேனா உப்பை அறிய நல்ல கருவி: 500-க்குள் இருந்தால் நலம், வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை நம் தர அளவுகோல் அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பேனா கிருமியைக் காட்டாது. 150 என்று காட்டும் தண்ணீரில் டைஃபாய்டு இருக்கலாம்.

வாய்க்கால் தண்ணீர்தான் கதி என்றால் நேரடியாக வடிகட்டியில் ஊற்றாதீர்கள். காவிரி வண்டலின் களித்துகள் நுண்குழலை ஒரு குடம் முடிவதற்குள் அடைத்துவிடும். ‘லட்ச லிட்டர் தாங்கும்’ என்று அட்டையில் இருப்பது தெளிந்த தண்ணீருக்கான கணக்கு. முதலில் நைந்த பருத்தி வேட்டியையோ சேலையையோ நான்கு மடிப்பாக மடித்து வடிகட்டுங்கள். வங்கதேசத்துக் கிராமங்களில் இந்த ஒரு பழக்கத்தாலேயே காலரா பாதியளவு குறைந்தது. பிறகு 20 லிட்டர் வாளிக்கு ஒரு கிராம், அதாவது கால் தேக்கரண்டி அளவு படிகாரப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு போலத் திரளும். அவசரப்பட்டால் திரண்டது உடையும். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் சாய்த்தெடுங்கள். நாக்கில் துவர்த்தால் படிகாரம் அதிகம். நம் வீடுகளில் பானையின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. தோல் நீக்கி இடித்த முருங்கை விதையும் லிட்டருக்கு ஒன்று வீதம் உதவும். விதை கலந்த தண்ணீர் மட்டும் மறுநாளைக்குத் தங்காது, கெட்டுவிடும்.

அடுத்து வடிகட்டி. இணையத்து உறிஞ்சுகுழலைவிட, பாத்திரக் கடையில் விற்கும் இரண்டடுக்கு எவர்சில்வர் கேண்டில் ஃபில்டரைத்தான் டெல்டாக் குடும்பத்துக்குப் பரிந்துரைக்கிறோம். உறிஞ்சுகுழலால் ஒருவர் குடிக்கலாம். பாத்திரம் நிரப்ப முடியாது, குழந்தையும் முதியவரும் அதில் உறிஞ்ச முடியாது. கேண்டிலுக்கு மின்சாரம் வேண்டாம், அடைத்தால் தேய்த்துக் கழுவலாம், உதிரி கிடைக்கும். ஒரு கேண்டில் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் தரும். மேல்பாத்திரம் நிரம்பி இருந்தால்தான் அந்த வேகம், பாதியானால் குறையும். இரண்டு கேண்டில் போட்டு, மேலே நிரப்பிக்கொண்டே இருந்தால் ஐந்து பேருக்குப் போதும். வேகம் குறைந்ததும் மென்மையான பிரஷ்ஷால் தண்ணீருக்குள் வைத்துத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், துளைக்குள் ஏறி நாட்கணக்கில் நுரைக்கும். புதிதாக வாங்கியதும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் விரிசல் பாருங்கள்: கேண்டிலை ஊறவைத்து, முழுக்கத் தண்ணீருக்குள் பிடித்து, காம்பு வழியாக ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழி சரம்சரமாக வந்தால் அது விரிசல். அந்தக் கேண்டிலைத் தூக்கி எறியுங்கள். காம்பைச் சுற்றி வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது என்று பொருள், அதுவும் ஆகாது. கேண்டில் நன்றாக இருந்தும் கீழ்த் தண்ணீர் கலங்கி வந்தால் வாஷரைப் பாருங்கள். அடியில் உள்ள சிறகு நட்டு தளர்ந்திருக்கும்.

நுண்குழல் வடிகட்டி ஏற்கெனவே இருந்தால் வீணில்லை. வாளியோடு இணைத்து உயரத்தில் வைத்து இறங்கவிடும் வகைதான் வீட்டுக்கு ஏற்றது. ஒவ்வொரு நாளும் கூட வரும் ஊசிக்குழாயில் சுத்தமான தண்ணீர் எடுத்து எதிர்த்திசையில் அழுத்தி அடியுங்கள். மெதுவாக அடித்தால் களி வெளியேறாது. சீசன் முடிந்து ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்து இறுகிவிட்டால் வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். உப்புப்படிவு என்றால் வினிகர் கலந்த தண்ணீரில்.

கடைசியாகக் குளோரின். வடிகட்டி விட்டுவைக்கும் வைரஸைக் குளோரின் கொல்லும். குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியத்தை வடிகட்டி பிடிக்கும். அதனால் இரண்டும் வேண்டும். வரிசை மாறக்கூடாது. கரித்தூள் உள்ள வடிகட்டிக்கு முன்னால் குளோரின் போட்டால் கரி அதை உறிஞ்சிவிடும். கலங்கலில் போட்டால் மண்ணும் மக்கும் தின்றுவிடும். மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அட்டையைப் படித்துப் போடுங்கள், பாதியாக உடைத்து மீதியை வைக்காதீர்கள். மாத்திரை கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர் போதும். புதியதில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். நம் ஈரக்காற்றில் வேகமாகக் குறையும், போன ஆண்டுப் பையை நம்ப வேண்டாம். தலைதட்டிய 4 தேக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம் பவுடரை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து அரைமணி நேரம் தெளியவிட்டால் மேலே நிற்பது ஒரு சதவீதக் கரைசல். தகர டப்பாவில் வைக்கக்கூடாது, அரித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் இருட்டில் வைத்தால் ஒரு வாரம் பயன்படும். 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு இதில் 4 மில்லி. படிகாரம் போட்டுத் தெளியவைத்த வாய்க்கால் தண்ணீருக்கு 8 மில்லி. மருந்துக்கடையில் வாங்கும் ஊசிக்குழாயில் அளந்துவிடுங்கள். அரைமணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் குளோரின் வாடை லேசாக வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவு மீண்டும் போட்டு இன்னும் அரைமணி. வாசனை சேர்த்த தரை கழுவும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

அடுப்பு எரிகிறது, காஸ் இருக்கிறது என்றால் கொதிக்கவைப்பது எல்லாவற்றிலும் எளிது. கடல்மட்டத்தில் இருக்கும் நமக்குத் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைத்து காஸை வீணாக்க வேண்டாம். மூடியோடு ஆறவிட்டு, குறுகிய வாய்க் குடத்தில் ஊற்றி, கைபடாமல் சாய்த்து எடுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தங்கள் நாளிதழின் டெல்டாப் பதிப்பில் நிலைய எண்களையும் தமிழ்ச் செய்தி நேரத்தையும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்களையும் ஒரு கட்டத்துக்குள் நாள்தோறும் அச்சிட்டு உதவுங்கள். வெட்டி எடுத்து வானொலியின் முதுகில் ஒட்டிக்கொள்வார்கள். மாவட்ட நிர்வாகங்கள் மழை தொடங்குமுன் ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்திலும் பெரிய கட்டை போடும் இரண்டலை வானொலி ஒன்று, கேண்டில் ஃபில்டர், படிகாரம், காலாவதியாகாத குளோரின் மாத்திரை, பத்தடித் தார்ப்பாய் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வானொலியைப் போட்டு 936 கேட்கிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
வானொலி பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவரும்
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பரிசோதகர் ஒருவரும்,
வேதாரண்யம்